தந்தமும் ஏடும்: சர் விக்டர் சசூனின் செல்வம் எங்கே போயிற்று?

செல்வத்தை ஈட்டுவது ஒரு கலை; அதனைச் செலவிடுவது மற்றொரு கலை. தமக்குப் பின்னரும் அது பயன்படுமாறு விட்டுச் செல்வது இவ்விரண்டினும் அரிய மூன்றாவது கலை. முதலிரண்டில் தேர்ந்தோர் பலர். மூன்றாவதில் தேர்ந்தோர் மிகச் சிலர். இவ்வுண்மையை விளக்குவதற்கு, பம்பாயை அடித்தளமாகக் கொண்டு இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஆசியாவின் பெருஞ்செல்வர்களுள் ஒருவராகத் திகழ்ந்த சர் எல்லிஸ் விக்டர் சசூன் (1881–1961) என்பாரின் வாழ்வு நல்ல சான்றாகும். அவர் வங்கியர்; பஞ்சாலை அதிபர்; கலைப்பொருள் சேகரிப்பாளர்; மதத்தால் யூதர்.

யூதர் என்ற சொல் செவியில் விழுந்த மாத்திரத்தில் நம்மில் பலருக்கு இன்றைய அரசியலே நினைவுக்கு வருகிறது. ஆயினும் ஒரு கூட்டத்தார் மீதுள்ள மனத்தாங்கல் நீதி தவறுவதற்குக் காரணமாகிவிடலாகாது என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். ஒருவருடைய வரலாற்றை அவருடைய செயல்களைக் கொண்டே எடைபோட வேண்டும். சசூன் குடும்பத்தாரின் வரலாறோ நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. அரபு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, கடல் வணிகத்தால் உயர்ந்து, இந்தியத் துறைமுகம் ஒன்றில் வேரூன்றிய குடும்பம் அது. மஹ்மூது பந்தர் எனப் பெயர் பெற்ற பரங்கிப்பேட்டை போன்ற கடற்கரையூர்களில் வாழ்வோருக்கு இத்தகைய வாழ்க்கை எளிதில் விளங்கும்.

பக்தாதிலிருந்து பம்பாய்க்கு

சசூன் குடும்பத்தின் மூலவர் தாவூத் சசூன் 1792இல் பக்தாதில் பிறந்தார். உதுமானியப் பேரரசின் கீழ் அந்நகரை ஆண்ட பாஷாக்களுக்குத் தலைமைக் கருவூலராக இருந்தவர் அவருடைய தந்தை. அப்பதவியை அரபியில் 'ஸர்ராஃப்' என்ற சொல்லடியாக வழங்குவர். நாணயம் மாற்றுவோரையும் தமிழில் நாம் 'சராப்பு' என்று சொல்லுவது இச்சொல்லின் திரிபே. 1817 முதல் 1831 வரை ஆண்ட தாவூத் பாஷாவின் காலத்தில் பணம் கேட்டு நெருக்கடி மிகவே, குடும்பத்தார் பக்தாதை விட்டு வெளியேறிப் பாரசீக வளைகுடாவின் பூஷஹர் துறைமுகத்தில் தங்கினர். அங்கிருந்து 1830களின் தொடக்கத்தில் தாவூத் சசூன் பம்பாய் வந்து சேர்ந்தார்.

அவர் ஆங்கிலம் கற்கவில்லை. அரபு, துருக்கி, பாரசீகம், எபிரேயம் ஆகியன அறிந்தவர். பக்தாது உடையையும் தலைப்பாகையையும் இறுதி வரை மாற்றாதவர். அவருடைய நிறுவனத்தின் கடிதங்களும் கணக்குகளும் பக்தாதின் பேச்சு அரபியில், எபிரேய எழுத்தில் எழுதப்பட்டன. மொழி ஒன்று, எழுத்து வேறு. இது நமக்குப் புதுமையன்று. தமிழை அரபு எழுத்தில் எழுதி, மார்க்க நூல்களையும் கடிதங்களையும் அரபுத் தமிழில் வளர்த்த மரபினர் நாம். தங்கள் வேதத்தின் எழுத்தைக் கைவிடாமலே வாழும் மண்ணின் மொழியைக் கைக்கொள்வது கடல் வணிகச் சமுதாயங்கள் பலவற்றிலும் காணப்படும் இயல்பாகும்.

செல்வத்தின் ஊற்று எது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பருத்தி, பட்டு, நறுமணப் பொருள்கள் ஆகியவற்றுடன் அபினும் அவ்வணிகத்தில் இருந்தது. தாவூத் சசூனின் இரண்டாம் மகன் இல்யாஸ் 1844இல் சீனா சென்றபின் அது பெருகிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய அபினைச் சீனாவுக்கு அனுப்புவதில் சசூன்கள் முன்னணியில் நின்றனர். அக்காலச் சட்டம் அதனை அனுமதித்தது என்பது உண்மை. அதனால் பாழான சீனக் குடும்பங்கள் எண்ணிலடங்கா என்பதும் உண்மை. 1907இல் பிரிட்டனும் சீனாவும் அவ்வணிகத்தைப் படிப்படியாக ஒழிக்க உடன்பட்டன. அதன்பின் குடும்பத்தின் முதல் ஆலைகளிலும் நிலத்திலும் வங்கித் தொழிலிலும் சென்றது.

1864இல் தாவூத் சசூன் மறைந்தார். மூத்த மகன் அப்துல்லாஹ் தலைமை ஏற்றார். பின்னாளில் அவரே ஆல்பர்ட் எனப் பெயர் மாற்றிக்கொண்டு இங்கிலாந்தில் பாரனெட் பட்டம் பெற்றவர். இல்யாஸ் 1867இல் பிரிந்து ஈ.டி. சசூன் என்ற தனி நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த இல்யாஸின் பேரரே விக்டர்.

பஞ்சாலை அதிபர்

விக்டர் 1881 டிசம்பரில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பிறந்தார். இங்கிலாந்தின் ஹாரோ பள்ளியிலும் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியிலும் பயின்றார். மூன்று தலைமுறைக்குள் பக்தாதுத் தலைப்பாகை மறைந்து ஆங்கிலக் கனவானின் தொப்பி வந்துவிட்டது. வானூர்திக் கலையில் பேரார்வம் கொண்ட அவர், முதல் உலகப்போரில் வான்படைப் பணியில் சேர்ந்தார். 1916இல் நேர்ந்த விபத்தில் கால்களில் கடுங்காயமுற்று, எஞ்சிய வாழ்நாள் முழுவதும் கைத்தடி ஊன்றி நடந்தார்.

1924இல் தந்தை மறைய, பம்பாய் சசூன்களின் மூன்றாவது பாரனெட்டாக விக்டர் பட்டம் ஏற்றார். அப்போது அக்குடும்பத்தின் பஞ்சாலைகள் பம்பாயின் மிகப் பெரிய ஆலைத் தொகுதிகளுள் ஒன்றாக இருந்தன. ஆனால் காலம் சாதகமாக இல்லை. போர்க்காலத்தில் கொழித்த பருத்தித் தொழில் 1920களில் நொடித்தது; ஜப்பானியத் துணி மலிவாக வந்திறங்கியது. போதாக்குறைக்கு 1927இல் அரசு ஒரு ரூபாயின் மதிப்பை ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என நிர்ணயித்தது. ரூபாயின் மதிப்பு உயர்ந்தால் இறக்குமதிச் சரக்கு மலிவாகும். உள்நாட்டுச் சரக்கு அதனோடு போட்டியிட இயலாது. ஆகவே ஒரு ஷில்லிங் நாலு பென்ஸே போதுமென்று ஆலை அதிபர்கள் வாதாடினர், பலனில்லை. கூலிக்குறைப்பும் ஆட்குறைப்பும் வேலைநிறுத்தங்களை வளர்த்தன. 1928இல் பம்பாய் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன.

விக்டர் சசூன் இந்தியச் சட்டமன்றத்தில் இருமுறை உறுப்பினராக இருந்தார். 1929இல் அமைக்கப்பட்ட, விட்லி குழு என வழங்கும் இந்தியத் தொழிலாளர் பற்றிய அரச ஆணையத்திலும் இடம்பெற்றார். ஆலைத் தொழிலாளரின் குடியிருப்பு, வேலைநேரம், கடன்சுமை ஆகியவற்றை ஆராய்ந்த அவ்வாணையத்தின் அறிக்கை 1931இல் வெளிவந்தது. ஆலை அதிபர் ஒருவரே தொழிலாளர் நிலையை விசாரிக்கும் குழுவில் அமர்ந்தது அக்கால ஆட்சிமுறையின் இயல்பைக் காட்டுகிறது.

இந்தியாவில் வரிச்சுமை, தொழில் அமைதியின்மை, ஓங்கிவந்த விடுதலை இயக்கம் ஆகியவற்றைக் கண்ட அவர், இங்கே தம் முதலுக்குப் பாதுகாப்பில்லை என முடிவு செய்தார். முதலைப் பெயர்த்துச் சீனாவின் ஷாங்காய்க்குக் கொண்டு சென்றார்.

ஷாங்காயின் மாடமாளிகைகள்

அந்நாளைய ஷாங்காயில் பன்னாட்டுக் குடியிருப்புப் பகுதி என ஒன்று இருந்தது. அது சீன மண்ணில் இருந்தாலும் அங்கே அந்நியரின் நிர்வாகமே நடந்தது. வரி குறைவு, நிலமதிப்போ ஏறிக்கொண்டே போயிற்று. ஆற்றங்கரையை ஒட்டிய வணிக வீதியில் விக்டர் எழுப்பிய சசூன் மாளிகையும் அதனுள் அமைந்த கத்தே ஓட்டலும் 1929இல் திறக்கப்பட்டன. பச்சை நிறக் கூம்புக் கூரையுடைய அக்கட்டடம் இன்றும் அந்நகரின் அடையாளங்களுள் ஒன்று. அதனைத் தொடர்ந்து அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வேறு ஓட்டல்களும் எழுந்தன. 1930ஐ ஒட்டி ஈ.டி. சசூன் பெயரால் தனி வங்கி நிறுவனமும் அமைந்தது. சில ஆண்டுகளில் அந்நகரின் மிகப் பெரிய நிலவுடைமையாளர்களுள் ஒருவரானார் விக்டர்.

வட்டியையும் ஊக வணிகத்தையும் அடிப்படையாகக் கொண்ட இப்பொருளாதாரம் நமக்கு உடன்பாடானதன்று. ஆயினும் அம்மாளிகைகளுள் ஒன்று எதிர்பாராத ஒரு பணிக்கு உதவிற்று. 1938 ஜூலையில் பிரான்ஸின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி, ஹிட்லரின் ஆட்சியிலிருந்து தப்பிவரும் யூத அகதிகளைப் பற்றி ஆராய்ந்தன. பெரும்பாலான நாடுகள் கதவைத் திறக்க மறுத்தன. 1937இல் ஜப்பானியப் படை ஷாங்காயைச் சூழ்ந்தபின் அத்துறைமுகத்தில் கடவுச்சீட்டைச் சோதிக்கும் அதிகாரம் எவரிடமும் இல்லாதுபோயிற்று. ஆகவே இசைவுச்சீட்டு இன்றியே இறங்கக்கூடிய இடமாக அது அமைந்தது. 1938 முதல் 1941 வரை ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஏறத்தாழ 18,000 பேர் அங்கே வந்து சேர்ந்தனர்.

விக்டர் தம் எம்பாங்க்மென்ட் மாளிகையின் கீழ்ப்பகுதியை அவர்களை வரவேற்றுத் தங்கவைக்கத் திறந்துவிட்டார். பணம் கொடுத்தார்; சிலருக்குத் தம் நிறுவனங்களில் வேலையும் தந்தார். பக்தாது வம்சாவளியினரான கதூரி குடும்பத்தார் அகதிக் குழந்தைகளின் கல்விக்கு உதவினர். நூறாண்டுக்கு முன் பாஷாவின் நெருக்கடிக்கு அஞ்சிப் பூஷஹரில் அடைக்கலம் புகுந்த குடும்பத்தின் வழித்தோன்றல், இப்போது பிறருக்கு அடைக்கலம் தரும் நிலையில் இருந்தார். அவருடைய பொருளீட்டல் பற்றி என்ன கருத்துக் கொண்டாலும், இச்செயலை நன்மை என்றே நாம் சாட்சி கூற வேண்டும்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் பன்னாட்டுப் பகுதியைக் கைப்பற்றினர். சசூன் கட்டடங்கள் அவர்கள் வசமாயின. போருக்குப் பின் மீண்டும் கைக்கு வந்த சொத்துகள், 1949இல் பொதுவுடைமைப் படை ஷாங்காயில் நுழைந்த சில ஆண்டுகளுள் முற்றாகக் கைவிட்டுப் போயின. பம்பாய் ஆலைகளை அவர் 1940களிலேயே விற்றுவிட்டிருந்தார். ஆபத்து வருமென்று அஞ்சி விட்டுச் சென்ற இந்தியாவில் எவரும் அவருடைய சொத்தைப் பறிமுதல் செய்யவில்லை. பாதுகாப்பு என நம்பிச் சென்ற இடத்திலோ ஒன்றும் மிஞ்சவில்லை. பஹாமாஸ் தீவுகளில் குடியேறிய விக்டர் பந்தயக் குதிரை வளர்ப்பில் மனத்தைச் செலுத்தினார். அவருடைய குதிரைகள் இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தில் நான்கு முறை வென்றன. 1961இல் மகப்பேறின்றி மறைந்தார். அத்துடன் பாரனெட் பட்டமும் முடிவுற்றது.

எஞ்சிய தந்தங்கள்

விக்டரின் சேகரிப்புகளுள் முதன்மையானவை சீன யானைத்தந்தச் சிற்பங்கள். மிங், சிங் அரச மரபுகளின் காலத்தைச் சேர்ந்த உருவங்கள், தூரிகைக் குவளைகள் முதலான நூற்றுக்கணக்கான பொருள்கள் அவை. உருவச் சிற்பங்கள் நம் கலைமரபைச் சேர்ந்தவை அல்ல. ஆயினும் அவற்றின் பின்னுள்ள வணிக வரலாறு கருதத்தக்கது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் மணிலாவில் குடியேறிய ஸ்பானியர், சீனாவின் ஃபூஜியான் கடற்கரைச் செதுக்குநரிடம் தங்கள் மதச் சிற்பங்களைச் செய்யச் சொல்லினர். அதே கைகள் சீனத் தெய்வ உருவங்களையும் செதுக்கின. ஆப்பிரிக்கத் தந்தம் கடல்வழியே ஆசியத் துறைமுகங்களுக்கு வந்தது. பரங்கிப்பேட்டைக்கு 'போர்ட்டோ நோவோ', அதாவது புதிய துறைமுகம், எனப் பெயரிட்ட போர்த்துகீசியரும் அவ்வழிகளில் சென்ற வணிகர்களே.

இச்சிற்பங்களைச் செய்தோரின் பெயர்கள் பெரும்பாலும் தெரியவில்லை. கி.பி. 968இல் ஸ்பெயினின் மதீனத்துஸ் ஸஹ்ராவில் இளவரசர் அல்-முகீராவுக்காகச் செதுக்கப்பட்டுப் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள தந்தச் சிமிழில், பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் அரபியில் பொறிக்கப்பட்டுள்ளன. அத்தகைய எழுத்தில்லாத பொருளுக்கு, அதனை ஆராய்ந்து விவரம் பதிவு செய்யும் அட்டவணையே வரலாறு. விக்டரின் தந்தங்களுக்கு அத்தகைய விவர அட்டவணை மூன்று தொகுதிகளாக 1950இல் வெளிவந்தது. பின்னர் அச்சேகரிப்பு ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருந்தது. 2018இல் அவ்வறக்கட்டளை 556 பொருள்களை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வழங்கியது. அதே ஆண்டில் பிரிட்டன் யானைத்தந்த விற்பனையைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. விலைப்பொருள் என்ற நிலையைத் தந்தம் இழந்து வந்த நேரத்தில், அவை விற்பனைக்கு அப்பாற்பட்ட இடத்தைச் சென்றடைந்தன.

ஏடுகளைத் தேடியவர்

இதே குடும்பத்தில் வேறொரு சேகரிப்பாளரும் இருந்தார். 1880இல் பம்பாயில் பிறந்த டேவிட் சாலமன் சசூன், மூலவர் தாவூத் சசூனின் பேரர். விக்டருக்குச் சிற்றப்பா முறை. வயதிலோ ஓராண்டே மூத்தவர். அவர் தந்தத்தை நாடவில்லை. கையெழுத்துப் படிகளை நாடினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட எபிரேய, சமாரிய ஏடுகளைப் பல நாடுகளிலிருந்து திரட்டினார். அவற்றுள் மூஸா இப்னு மைமூன் தம் கையாலேயே எழுதிய ஒரு விரிவுரையின் பகுதிகளும் இருந்தன. எகிப்தில் ஸலாஹுத்தீன் அய்யூபியின் அரண்மனை வட்டாரத்தில் மருத்துவராக விளங்கிய அப்பேரறிஞர், யூதச் சட்டத்துக்கான அவ்விரிவுரையை அரபு மொழியில், எபிரேய எழுத்தில் எழுதினார். முஸ்லிம் ஆட்சியில் அரபு மொழி எல்லா மதத்தாருக்கும் அறிவு மொழியாக இருந்ததற்கு அவ்வேடு கண்கூடான சான்று.

டேவிட் சாலமன் செய்த பெரும்பணி, அவ்வேடுகளைத் தாமே படித்து ஒவ்வொன்றையும் விவரித்து 1932இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட அட்டவணையாகும். 1942இல் அவர் மறைந்தார். ஏடுகள் குடும்பச் சொத்தாகவே இருந்தமையால் 1970கள் முதல் ஏலத்துக்குச் சென்று சிதறின. 1929இல் 350 பவுனுக்கு அவர் வாங்கிய ஒரு பழைய எபிரேய வேத ஏடு, 2023 மே மாதம் நியூயார்க் ஏலத்தில் 3 கோடியே 81 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. ஏடுகள் சிதறின, ஆனால் அட்டவணை இருப்பதால் எந்த ஏடு எங்குச் சென்றாலும் அதன் பெயரும் எண்ணும் வரலாறும் தொலையவில்லை.

வரலாறு தரும் படிப்பினை

இக்குடும்பத்தின் செல்வம் சென்றடைந்த முடிவுகளை இப்போது ஒப்பிட்டு நோக்கலாம். தனியுடைமையாக வைத்த ஆலைகளும் மாளிகைகளும் கைமாறின. தனியுடைமையாக இருந்தும் விவரம் பதிவு செய்யப்பட்ட ஏடுகள் சிதறினாலும் அறியப்படுகின்றன. அறக்கட்டளையிடம் ஒப்படைத்த தந்தங்கள் சிதறாமல் ஒரே இடம் சேர்ந்தன.

நான்காவதாக ஒன்றும் உண்டு. முன்னோர் இந்தியாவில் பொதுநலத்துக்கென ஒதுக்கியவை இன்றும் இயங்குகின்றன. புணேயில் சசூன் மருத்துவமனை ஏழைகளுக்குப் பயன்படுகிறது. பம்பாயின் டேவிட் சசூன் நூலகத்தில் வாசகர் அமர்ந்து படிக்கின்றனர்.  பைகுல்லாவில் விக்டரின் பெரிய தந்தை சர் ஜேக்கப் சசூனின் பெயரால் யூதக் குழந்தைகளுக்கென அமைந்த பள்ளியில், யூதர் பெரும்பாலும் நாட்டைவிட்டுச் சென்றபின், மாணவருள் மிகப் பெரும்பான்மையோர் முஸ்லிம் பிள்ளைகளே. கொடுத்தவர் எதிர்பாராத கைகளுக்கும் அக்கொடை சென்று சேர்ந்திருக்கிறது.

நம் மரபில் இதற்கு வக்ஃபு என்று பெயர். பொருளின் மூலத்தைத் தடுத்து நிறுத்தி, அதன் பயனை மட்டும் ஓடவிடுவதே வக்ஃபின் இலக்கணம் என ஃபிக்ஹு நூலார் கூறுவர். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றி உமர் (ரலி) அவர்கள் ஆலோசனை கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழியும் அதுவே. சசூன்களின் வரலாறு இக்கோட்பாட்டின் வலிமையை வேறொரு சமுதாயத்தின் அனுபவத்திலிருந்து மெய்ப்பிக்கிறது.

பரங்கிப்பேட்டையிலும் பெருமுதல் வந்து மறைந்ததுண்டு. தாவூத் சசூன் பம்பாய்க்கு வந்த காலத்தை ஒட்டி, 1830இல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் இங்கே இரும்பாலை தொடங்கினார். இந்தியாவில் ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்க எடுத்த முதல் பெருமுயற்சிகளுள் ஒன்று அது. அவ்வாலை அந்நூற்றாண்டைக் கடக்கவில்லை. மரைக்காயர்களின் கப்பல்களும் கடலில் இல்லை. எஞ்சியிருப்பவை பள்ளிவாசல்களும், மதரஸாக்களும், அவற்றுக்கென எழுதிவைத்த நிலங்களுமே.

அவற்றோடு எஞ்சியிருக்க வேண்டியவை, கடற்கரையூர்களின் பழைய வீடுகளில் பரணிலும் பெட்டகத்திலும் கிடக்கும் அரபு, அரபுத் தமிழ் ஏடுகள். பாட்டனார் ஓதிய கிதாபு, பாட்டியார் பாடிய மாலை, கப்பல் கணக்கு, நிக்காஹ் பதிவு என அவை பலவகை. வீடு இடிக்கும்போது அவற்றைக் கடலிலோ கிணற்றிலோ சேர்த்துவிடுவோரும் உளர். புனித எழுத்து மிதிபடலாகாதே என்ற நல்லெண்ணமே அதற்குக் காரணம். அந்நல்லெண்ணமே ஏட்டின் அழிவாகவும் முடிகிறது.

இதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. வீட்டிலுள்ள ஒவ்வோர் ஏட்டின் பெயர், எழுதியவர், ஆண்டு, தாள்களின் எண்ணிக்கை, முதல் வரி, இறுதி வரி ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது முதற்படி. எழுத்தும் மையும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து வைப்பது இரண்டாம் படி. விற்கவோ பிரிக்கவோ இயலாதபடி ஒரு மதரஸா நூலகத்துக்கோ கல்லூரிக்கோ வக்ஃபாக எழுதிக் கொடுப்பது மூன்றாம் படி. இம்மூன்றையும் செய்ய ஒரு குடும்பத்துக்கு ஒரு ரமளான் மாதத்தின் ஓய்வு நேரம் போதும். அட்டவணை எழுதத் தெரிந்த மாணவர்கள் நம் அரபிக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். அவர்களை அழைத்துப் பெட்டகத்தைத் திறந்து காட்டுவதே நம் கடமை.